தளம் போடுவதற்கு முந்தைய சாயங்காலம்

நாளைக் காலை ஆறு மணிக்குத் தளம் போடுகிறார்கள் என்றால், இன்று சாயங்காலம் நான்கரைக்கு நான் சைட்டில் இருப்பேன். கையில் ஒரு டேப், ஒரு டார்ச், இரண்டு சாக்பீஸ், நாலாக மடித்த டிராயிங். ஏணியில் ஏறி மேலே போனால், கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகையின் மேல் கம்பி பரந்து கிடக்கும். கம்பி கட்டியவர்களில் மூத்தவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்வேன். டிராயிங்கைப் பார்த்து நான் சத்தமாகப் படிப்பேன். "பி நாலு. கீழே பதினாறு எம்எம் மூணு." அதாவது நாலாம் எண் பீமில் கீழே பதினாறு மில்லிமீட்டர் கம்பி மூன்று. அவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு "மூணு" என்பார். "பில்லர் பக்கம் மேலே எக்ஸ்ட்ரா ரெண்டு." "ரெண்டு." சரியாக இருக்கும் பீமின் பக்கப் பலகையில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவேன். குறை இருந்தால் வட்டம். வட்டம் எல்லாம் டிக்காக மாறிய பிறகுதான், கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் வண்டிக்குச் சொல்லச் சொல்வேன். சில நாள் இரவு ஒன்பதாகிவிடும், டார்ச் வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டிருப்போம்.

1999-லிருந்து சென்னையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக வேலை செய்கிறேன். வீட்டின் உருவத்தை ஆர்க்கிடெக்ட் முடிவு செய்வார். அது நிற்க பில்லர் எங்கே வேண்டும், பீம் எவ்வளவு ஆழம், உள்ளே எத்தனை கம்பி, அஸ்திவாரம் எத்தனை அடியில் என்பதை முடிவு செய்வது என் வேலை. இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்றுதான். ஸ்டாட், ஈடாப்ஸ் எல்லாம் கட்டாயம் படிக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் நான் கற்றுக்கொண்டவை எல்லாம் கடைசியில் அந்தச் சாயங்காலத்தில்தான் வந்து சேர்கின்றன. கான்கிரீட் விழுந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. கட்டியவர் மறந்துவிடுவார், வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டிவிடுவார். கண்ணால் பார்க்கக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்தான்.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை.

கிண்டியில் எம்.இ. முடித்ததும் மயிலாப்பூரில் ஒரு கன்சல்டன்ட் அலுவலகத்தில் சேர்ந்தேன். மாதம் 4,500 ரூபாய். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு வரிசை. பாதிக் கணக்கைக் கையால்தான் போடுவோம். கானி முறையில் நாலு மாடி பிரேமுக்கு எண்களை எழுதி அழித்து எழுதி முடிக்க இரண்டு நாள் ஆகும். டிரேசிங் ஷீட்டில் வரைந்து, அமோனியா பிரிண்ட் எடுத்து, கண் எரிய எரிய மடித்து சைட்டுக்கு அனுப்புவோம். சலிப்பான வேலை என்று அப்போது தோன்றியது. இன்று கம்ப்யூட்டர் ஒரு விடையைத் தரும்போது அது பத்து மடங்கு தவறாக இருந்தால் பார்த்தவுடன் எனக்கு உறுத்துகிறது என்றால், அந்த இரண்டு நாள் கணக்குகள்தான் காரணம். என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளை முதல் மூன்று மாதம் ஒரு சின்ன வீட்டை முழுக்கக் கையால் கணக்குப் போடச் சொல்கிறேன். இத்தனை அடி பீமுக்கு இவ்வளவு ஆழம், இத்தனை மாடிக்கு ஒரு பில்லரில் இத்தனை டன் என்று ஒரு அளவு மனத்தில் படிந்த பிறகு சாஃப்ட்வேரைத் திறக்கட்டும்.

வேலையில் சேர்ந்த அடுத்த வருடம் பெசன்ட் நகரில் மூன்று மாடி அடுக்ககம் ஒன்று. இரண்டாம் மாடியில் நாலு அடி நீண்ட பால்கனி. பால்கனி தளத்தில் முக்கியமான கம்பி மேல்புறத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தாங்கிய சாதாரணத் தளம் நடுவில் தொய்ந்து கீழ்ப்பக்கம் இழுபடும், அதனால் அங்கே கம்பி கீழே. பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது, அது சுவரோரம் மேல்பக்கம் இழுபடும். இது எனக்கு நன்றாகத் தெரியும், டிராயிங்கில் சரியாகத்தான் போட்டிருந்தேன். தளம் போடுவதற்கு முந்தைய நாள் அக்காவுக்கு வளைகாப்பு. கான்ட்ராக்டர் போன் செய்து "கம்பி கட்டியாச்சு மேடம், காலையில போட்டுடலாமா?" என்றார். "டிராயிங் படி கட்டியிருந்தா போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

சென்ட்ரிங் பிரித்த அன்று போனேன். பால்கனி சுவரோடு சேரும் இடத்தில், மேல்பக்கம், நூல் பிடித்தாற்போல ஒரு விரிசல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடியிருந்தது. உளியால் கொத்திப் பார்த்தோம். ஐந்து அங்குலத் தளத்தில் மேலிருந்து ஒரு அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி இரண்டே முக்கால் அங்குலத்தில் கிடந்தது. கட்டும்போது சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன் மேலேயே நடந்து மிதித்துத் தள்ளிவிட்டார்கள். கம்பி அத்தனை கீழே போனதும் அந்தப் பால்கனியின் பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. அங்கே நாளை ஒரு குடும்பம் நாற்காலி போட்டு உட்காரும், குழந்தைகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிக்கும்.

அலுவலகத்துக்கு வந்து கன்சல்டன்ட் சாரிடம் சொன்னேன். "நீ போய்ப் பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. மறுநாள் அவரே சைட்டுக்கு வந்து, பால்கனியை உடைத்து மறுபடி போடச் சொல்லி, பாதிச் செலவை எங்கள் அலுவலகக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபடி கட்டும்போது அந்த சைட்டின் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்து மேஸ்திரி ஆனவர், அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. "பாப்பா, மேல் கம்பி காத்துலயா நிக்கும்? அதுக்குக் கீழே சேர் வைக்கணும். எத்தனை அடிக்கு ஒரு சேர்னு உன் டிராயிங்குல எங்க எழுதியிருக்க?" எழுதவில்லை. கம்பியை வளைத்து ஸ்டூல் போலச் செய்து மேல் கம்பிக்கு அண்டைக் கொடுப்பதைத்தான் சேர் என்பார்கள். அன்றிலிருந்து என் எல்லா டிராயிங்கிலும் சேர் எத்தனை, எங்கே என்று இருக்கும். ஆட்கள் நடந்துபோகத் தனியாகப் பலகைப் பாதை போட வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். பால்கனி, சன்ஷேட் இருக்கும் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும் நேரத்திலும் நேரில் நிற்பேன், எந்த வளைகாப்பு இருந்தாலும்.

அந்த மேஸ்திரியிடம் நான் படித்தது எம்.இ.யில் படித்ததற்குக் குறைவில்லை. கம்பி முனையை ரிங்கில் எப்படி மடிக்க வேண்டும் என்று அவருக்கும் எனக்கும் ஒரு முறை பெரிய வாக்குவாதம். பில்லர் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் இரண்டு முனையும் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடங்க வேண்டும். சைட்டில் 90 டிகிரியில் விட்டுவிடுவார்கள், வேலை சுலபம். அவரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். "இத்தனை வருஷமா நிக்குதே பாப்பா" என்றார். 2001 ஜனவரி 26 குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு மாறியது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்ட அடுக்ககங்கள் பில்லர் மடங்கி விழுந்தன. சென்னையில் அப்போது கட்டிக்கொண்டிருந்த அடுக்ககங்களும் பெரும்பாலும் அதே அமைப்புதான். மேலே சுவர்கள் இருப்பதால் விறைப்பு, கீழே வெறும் பில்லர்கள். ஆட்டம் வந்தால் எல்லா அசைவும் அந்த ஒரு மாடியில் குவியும். 90 டிகிரியில் மடித்த ரிங், கான்கிரீட் உதிர்ந்ததும் வாய் திறந்துவிடும், உள்ளே இருக்கும் கம்பி வெளியே பிதுங்கும். பத்திரிகையில் வந்த படங்களை மேஸ்திரிக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கம்பி வளைக்கும் மேசையில் 135 டிகிரிக்கு ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார்.

அதே வருடம் செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு, பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையையும் ஆட்டியது. ரிக்டரில் ஐந்தரை அளவு. மறுநாள் முழுக்க அலுவலகத்தில் போன் மணி ஓயவில்லை. 2002-ல் வந்த புதிய இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னை, நிலநடுக்க ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. அதற்கு முன்னால் கட்டிய அடுக்ககத்தில் இருப்பவர்கள் பயந்து ஓட வேண்டாம். ஆனால் கீழ்த்தளப் பில்லரைக் குடைந்து குழாய் விடுவது, கார் திருப்ப இடைஞ்சல் என்று பில்லர் மூலையைச் செதுக்குவது, இதையெல்லாம் பார்த்தால் சங்கத்தில் உடனே சண்டை போடுங்கள். மொத்தக் கட்டடமும் அந்தச் சில பில்லர்கள் மேல்தான் நிற்கிறது.

சரி, மண்ணுக்கு வருகிறேன். சென்னையில் ஒரே பேருந்தில் போகும் தூரத்தில் மூன்று விதமான மண் இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் பாறை. கடற்கரையோரம் திருவான்மியூர், பெசன்ட் நகரில் மணல். நடுவில் ஏரியும் சதுப்பும் இருந்த இடமெல்லாம் களி. தி.நகரே 1920-களில் ஏரியை வடித்து மனை போட்ட ஊர். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றி எத்தனை நகர்கள் வந்துவிட்டன என்று நமக்கெல்லாம் தெரியும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து அடி தோண்டினார், நாமும் ஐந்து அடி தோண்டுவோம் என்பது இந்த ஊரில் செல்லாது.

வேளச்சேரியில் ஓய்வு பெற்ற ஒருவர் வாழ்நாள் சேமிப்பில் மாடி வீடு கட்ட வந்தார். மண் பரிசோதனைக்குச் செலவு எதற்கு என்று கேட்டார், பக்கத்து மனைகளில் யாரும் செய்யவில்லையாம். செய்யாமல் டிராயிங் தர மாட்டேன் என்றேன். முகம் சுருங்கியது. இரண்டு இடத்தில் போர் போட்டோம். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். நல்ல மண்ணில் முப்பது, நாற்பது முறை ஆகும். அங்கே முதல் ஆறு அடி ஆழம்வரை கட்டட இடிபாட்டுக் குப்பை, அதற்குக் கீழே கறுப்புக் களி, சுத்தியல் மூன்று நாலு முறை விழுந்ததுமே குழாய் இறங்கியது. இருபத்தைந்து அடி ஆழத்துக்குக் கீழேதான் இறுகிய மணல் வந்தது. அந்த மணல்வரை பைல் எனும் கான்கிரீட் தூண்களை இறக்கிக் கட்டினோம். செலவு கூடியதில் அவருக்கு என் மேல் வருத்தம்தான், ஒரு அறையைக் குறைத்துக்கொள்ள வேண்டி வந்தது. மூன்று மழைக்காலம் கழித்து அவரே போன் செய்தார். பக்கத்து வீட்டில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியிருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று. அந்த வீடு ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தது. நேர்மேலாகவோ படுக்கையாகவோ பூச்சில் வரும் மயிர்க்கோட்டு விரிசல்களுக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் சாய்வாக ஏறி, மாதா மாதம் அகலமாகும் விரிசலை விடக் கூடாது. அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நல்ல கான்கிரீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைக்கு இருபத்திரண்டு, இருபத்தைந்து லிட்டர் போதும். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் காய்ந்த பிறகு உள்ளே காற்றுத்துளைகளாக நின்றுவிடும். ரெடிமிக்ஸ் வண்டி டிராஃபிக்கில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரும், கலவை இறுகியிருக்கும், கொட்டும் ஆட்களுக்குக் கை வலிக்கும், யாரோ ஒருவர் ஓஸ் பைப்பை டிரம்முக்குள் விடுவார். ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வெயிலில் அந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் தெரியும். தளம் போடும் நாள் காலையில் நான் முதலில் சொல்வது ஓஸ் பைப்பைச் சுருட்டிக் கீழே வைக்கச் சொல்வதுதான். இறுகியிருந்தால் பிளாண்டிலிருந்து வரும் ஆளிடம் அதற்கான ரசாயனம் இருக்கும், அளவு பார்த்துச் சேர்க்கலாம். எம்25 என்ற தரத்துக் கான்கிரீட்டில் எடுத்த 15 சென்டிமீட்டர் கட்டி, 28 நாள் கழித்துச் சுமார் 57 டன் அழுத்தம் தாங்க வேண்டும். வண்டிக்கு வண்டி கட்டி எடுக்கும்போது வீட்டுக்காரர் கூட இருந்து பாருங்கள். பல சைட்டுகளில் கட்டிக்கு மட்டும் நல்ல கலவையை எடுத்து வைப்பது உண்டு.

கடலோரத்தில் இன்னொரு சங்கடம். போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வாயில் வைத்துக் கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், சோதனை செய்யாமல் லாரித் தண்ணீரையும் நம்ப வேண்டாம். முப்பது வருடம் முன்னால் கட்டிய கடலோர அடுக்ககங்களில் நான் இன்று செய்யும் பாதி வேலை, துருப்பிடித்த கம்பியைச் சரிசெய்வதுதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். கார் நிறுத்தும் இடத்தில் கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? அதன் மேல் சிமெண்ட் பூசி வெள்ளை அடித்தால் ஒரே வருடத்தில் பக்கத்திலேயே இன்னும் பெரிதாக விழும். துரு பிடித்த நீளம் முழுக்கக் கம்பியைச் சுற்றிக் கொத்தி, சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புதுக் கம்பி சேர்த்து, அதற்குரிய கலவையால் மூட வேண்டும். இத்தனைக்கும் ஆரம்பத்தில் வேண்டியிருந்தது கம்பிக்கு வெளியே சரியான கனத்தில் கான்கிரீட். கரைக்கு அருகில் 45 மில்லிமீட்டர், சில இடங்களில் 50. கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சின்னக் கட்டியான கவர் பிளாக்கை வைக்காமல், கையில் கிடைத்த ஜல்லியை வைத்து நிறுத்திய கம்பிகள்தான் இன்று துருவாக வழிகின்றன. சாயங்காலம் டார்ச் எடுத்துப் போவதே பீமின் அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

2014 ஜூன் 28. மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். செய்தி பார்த்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அலுவலகத்துக்குப் போய், நான் கையெழுத்துப் போட்ட கட்டடங்களின் ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பில்லர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் ஆனது. பக்கத்தில் மிஞ்சி நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தபோது ஊரே டிவியில் பார்த்தது. எனக்குப் பார்க்க மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பில்டர் என்னிடம் வந்தார். கட்டடம் முடியப்போகிறது, வேறு யாரோ டிசைன் செய்தது, காகிதத்தில் கையெழுத்து மட்டும் வேண்டும். என் இரண்டு மாத வருமானத்தைச் சொன்னார். அப்போது நான் தனியாக அலுவலகம் தொடங்கி ஐந்து வருடம், ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தேன், பணம் தேவைதான். முழுக் கணக்கும் மண் அறிக்கையும் கொடுத்தால், கான்கிரீட்டைத் துளைத்துக் கோர் எனும் உருளைத் துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் திரும்ப வரவில்லை. புதிதாகப் பதிவு எண் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்தமாகச் சொல்கிறேன். நீங்கள் கணக்குப் போடாத, கண்ணால் பார்க்காத கட்டடத்துக்குக் கையெழுத்துத் தராதீர்கள். நண்பருக்காகக் கூட வேண்டாம்.

கம்பி குறைக்கச் சொல்லும் அழுத்தம் தினமும் வரும். "சதுர அடிக்கு நாலு கிலோ வருது மேடம், மூணரைக்குக் கொண்டு வாங்க" என்பார்கள். நான் சண்டை போடுவதில்லை. ஆர்க்கிடெக்ட் பிளான் வரைந்துகொண்டிருக்கும்போதே என்னைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மேல் மாடிப் பில்லர் கீழ் மாடியில் நேராக இறங்கினால், பீம்கள் ஒரே கோட்டில் ஓடினால், கம்பி தானாகக் குறையும். எல்லாம் முடிந்த பிறகு வந்து ரிங்கைக் கூட்டிக் குறைத்துக் கேட்டால் என்னிடம் கொடுக்க எதுவும் இருக்காது. ஒப்பந்தத்திலேயே எத்தனை முறை சைட்டுக்கு வருவேன், என் எழுத்து இல்லாமல் கான்கிரீட் போடக் கூடாது என்று எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாத காலத்தில் நான் நிறைய இழந்தேன். வாட்ஸ்அப் படம் உதவும், ஆனால் படத்தில் ஆழம் தெரியாது. வெளியூர் சைட் என்றால் ஒவ்வொரு படத்திலும் டேப்பை விரித்துப் பிடித்து எடுக்கச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஒரு மாதம் சைக்கிள் கேப் இல்லாமல் வீடு வீடாகப் போனோம். அஸ்திவாரம் கரைந்துவிட்டதா என்ற பயம்தான் எல்லாருக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காம்பவுண்டு சுவர்கள்தான் விழுந்திருந்தன, அவற்றுக்கு யாரும் இன்ஜினியரைக் கேட்பதில்லை. ஆனால் ஒரு வீட்டில் கார் நிறுத்தும் இடத்துத் தரை முக்கால் அடி புடைத்து நின்றது. சாக்கடை கலந்துவிட்டதென்று, தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பை முழுக்க இறைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மண் நீரில் ஊறிக் கிடக்கும்போது 12,000 லிட்டர் சம்ப் காலியானால் 12 டன்னுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். சம்ப்பின் சொந்த எடை அதைவிடக் குறைவாக இருந்தால் படகு போல எழும்பிவிடும். வெள்ளம் வந்த வீடுகளில் வெளியே நீர்மட்டம் இறங்கும்வரை சம்ப்பை இறைக்காதீர்கள். அசுத்தமானாலும் பரவாயில்லை, நிறைந்தே இருக்கட்டும்.

பெண்ணாக இந்த வேலை எப்படி என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் சைட்டில் கழிப்பறை கிடையாது, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். இன்று என் ஒப்பந்தத்தில் சித்தாள் பெண்களுக்கும் சேர்த்து சைட்டில் கழிப்பறை வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. சாரம் ஏறுவதற்குச் சேலையிலிருந்து சுடிதாருக்கு மாறியபோது வீட்டில் பேச்சு வந்தது. ஏழாம் மாதத்தில் ஏறுவதை நிறுத்தி, என் உதவியாளர் மேலே நின்று எண்ணிச் சொல்ல, கீழே நாற்காலி போட்டு டிராயிங்கோடு உட்கார்ந்திருந்தேன். கம்பி கட்டுபவர்கள் இப்போது பெரும்பாலும் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வருகிறார்கள். எண்ணுவதற்காக இந்தியில் நூறு வரை படித்தேன். நான் "பி நாலு, கீழே மூணு" என்றதும் அவர்கள் "தீன்" என்பது எனக்குப் பழகிவிட்டது.

போன வருடம் அந்தப் பழைய மேஸ்திரி போன் செய்தார். வேலையை விட்டு நாளாகிறது, எழுபத்தைந்து தாண்டிவிட்டது, முழங்கால் வலி. கூடுவாஞ்சேரிப் பக்கம் எப்போதோ வாங்கிப் போட்ட அரை கிரவுண்டில் மகன் வீடு கட்டுகிறான், வெள்ளிக்கிழமை தளம். "இன்ஜினியரம்மா, ஒரு நடை வந்துட்டுப் போங்க." பாப்பா எப்போது இன்ஜினியரம்மா ஆனேன் என்று தெரியவில்லை. டிராயிங்கை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன், கட்டணம் வாங்கவில்லை, அவரும் விடாமல் ஒரு மூட்டை மணிலாக்கொட்டை அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். மகன் வேண்டாம் என்று தடுத்தும் அவர் மெல்ல மெல்ல ஏணியில் ஏறி மேலே வந்துவிட்டார். கம்பி அத்தனை சுத்தமாகக் கட்டியிருந்தது. ரிங் எல்லாம் 135 டிகிரி. பால்கனியில் இரண்டு அடிக்கு ஒரு சேர். முட்டுகளுக்குக் கீழே பலகை. "எல்லாம் நீங்களே பார்த்திருக்கீங்களேண்ணே, நான் எதுக்கு?" என்றேன்.

"நான் பாத்தது என் கண்ணு. நீங்க டிராயிங்கைப் பிரிச்சுப் படிங்க" என்று சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பீம் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பிரித்தேன். "பி ஒண்ணு. கீழே பன்னிரண்டு எம்எம் மூணு." கையை உள்ளே விட்டுத் தொட்டு "மூணு" என்றார். பி ஆறில் மேல் கம்பி ஒன்று குறைந்தது. வட்டம் போட்டேன். மகனைப் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை, கட்டுக்கம்பியைக் கேட்டு வாங்கி, கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.